ஒரிஜினல் சர்ட்டிபிகேட்

இல்லீங்க, யாரும் வரல. உக்காருங்க அக்கா. பையை மடியில வெச்சுக்கறேன். நீங்க எங்க, ராசிபுரமா? நானும் அங்க தான். நல்லதாப் போச்சு. இந்த பஸ் புதன்சந்தையில நிக்கும், புதுச்சத்திரத்துல நிக்கும், கை காட்டின எடத்துல எல்லாம் நிக்கும். பேச ஆளில்லாம உக்காந்திருந்தா மண்டைக்குள்ள ஒரே விஷயம் சுத்திச் சுத்தி வருது. காலையில இருந்தே அப்படித் தான் இருக்கறேன்.

ஒரு முடிவு எடுக்கணுங்க. திங்கட்கிழமைக்குள்ள. முன்ன வேலை பாத்த எடத்துக்கே திரும்பப் போறதா, வேண்டாமா. வீட்டுல கேட்டா அவரு, "உனக்கு எது சரியோ அதைச் செய்யி"ங்கறாரு. லாரிக்கு பாடி கட்டற பட்டறையில இருக்கறாரு அவரு. நாள் பூரா வெல்டிங் சத்தம். வீட்டுக்கு வந்தா வாயே திறக்க மாட்டாரு. உனக்கு எது சரியோன்னா என்னங்க அர்த்தம்? எது சரின்னு தெரிஞ்சா நான் எதுக்கு அந்த மனுசனைக் கேக்கறேன்?

நான் டீச்சருங்க. கெமிஸ்ட்ரி. பூங்கொடி மிஸ்னு சொன்னா அந்த ஸ்கூல்ல தெரியாத ஆள் இல்ல. எந்த ஸ்கூல்னு பேரு வேண்டாங்க. நாமக்கல் சுத்தி ஹாஸ்டலோட எத்தனை ஸ்கூலு இருக்குது, அதுல ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க. பதினோரு வருஷம் இருந்தேன். என்ற பொண்ணு இலக்கியா அங்க குவார்ட்டர்ஸ்ல தான் நடை பழகினா. பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில ஒரு வருஷம் பதினேழு சென்டம் எடுத்துக் குடுத்தேன். பதினேழு. கேட்டுக்கு வெளிய பெரிய பேனர் வெச்சாங்க. அதுல என்ற போட்டோ இல்ல, கரஸ்பாண்டன்ட் போட்டோ தான். ஆனா எல்லாருக்கும் தெரியும்.

இப்ப அங்க இல்லீங்க. மூணு வருஷம் ஆச்சு. சேகோ ஃபேக்டரியில இருக்கறேன். ஆமா, ஜவ்வரிசி தான். எம்.எஸ்சி., பி.எட். படிச்சுட்டு கிழங்கு மாவுல ஈரம் எத்தனைன்னு பாத்து எழுதிட்டு இருக்கறேன். லேப்னு பேரு, ஒரு மேசை, ஒரு அடுப்பு, ஒரு தராசு, அவ்வளவு தான். எல்லாம் அந்த சர்ட்டிபிகேட்டுனால வந்தது.

சேர்றப்பவே ஒரிஜினல் எல்லாத்தையும் வாங்கி உள்ள வெச்சுக்குவாங்கக்கா. பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி, பி.எட்., கம்யூனிட்டி சர்ட்டிபிகேட் கூட. நடு வருஷத்துல விட்டுட்டு ஓடிறக் கூடாதுன்னு. நான் வெளிய வந்தப்போ என்ற ஒரிஜினல் எல்லாம் அங்க மாட்டிக்கிச்சு. சேலத்துல ஒரு ஸ்கூல்ல டெமோ கிளாஸ் எடுத்தேன். பிரின்சிபால் அம்மா எந்திரிச்சு வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "நாளைக்கே வாங்க மிஸ், ஒரிஜினலோட வாங்க"ன்னாங்க. நான் எங்க போறது ஒரிஜினலுக்கு? அப்படியே ரெண்டு ஸ்கூலு கை விட்டுப் போச்சு. கையைக் காலைக் கட்டிப் போட்ட மாதிரி மூணு வருஷம். எத்தனை அலைஞ்சிருப்பேன்னு நினைக்கறீங்க.

ஏன் வெளிய வந்தேன்னா, அது ஒரு பொண்ணு விஷயமுங்க. என்ற மனசாட்சிக்கு ஒத்துக்கல, வந்துட்டேன்.

மோகனப்பிரியான்னு ஒரு பொண்ணு. அரூர்ப் பக்கம். அப்பா கட்டடத்துக்கு சென்ட்ரிங் அடிக்கறவர். பத்தாவதுல நல்ல மார்க்கு, அதை வெச்சு சீட்டு குடுத்தாங்க. தமிழ் மீடியத்துல இருந்து வந்த புள்ள, கெமிஸ்ட்ரி புரியவே இல்ல. ஈக்குவேஷன் எழுதச் சொன்னா அழகா மார்ஜின் போட்டு, கலர் பேனாவுல அடிக்கோடு போட்டு, தப்பா எழுதும். எனக்கு அதைப் பாத்தாலே கோவம் வரும். அந்த அழகைப் பாத்துத் தான் கோவமே.

அங்க ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் புள்ளைக வீட்டுக்கு போன் பேசலாம். வரிசையா நிக்கோணும், ஆளுக்கு அஞ்சு நிமிஷம். நான் அப்போ டெபுடி வார்டன். நான் தான் ஒரு ரூல் கொண்டு வந்தேன். வாராந்திர டெஸ்ட்டுல அறுபதுக்குக் கீழ போனா அந்த வாரம் போன் கட். அடிக்கறது இல்ல, திட்டறது இல்ல. அன்பா, அமைதியா. கரஸ்பாண்டன்ட்டே மீட்டிங்ல எந்திரிச்சு நின்னு, "பூங்கொடி மிஸ் மாதிரி யோசிங்க"ன்னு சொன்னாரு. ஒரே மாசத்துல கிளாஸ் ஆவரேஜ் எட்டு மார்க் ஏறிச்சு.

இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏறல. நாலு வாரம் தொடர்ந்து போன் கட். நாலாவது வாரம் வந்து நிக்கறா. "மிஸ், அம்மாவுக்கு ஆபரேஷன் மிஸ், கர்ப்பப்பை எடுக்கறாங்க, ஒரே ஒரு நிமிஷம் மிஸ்." அக்கா, நான் பதினோரு வருஷம் ஹாஸ்டல் பாத்தவ. எத்தனை பாட்டிகளைக் கொன்னிருக்குதுக தெரியுமா இந்தப் புள்ளைக, ஒரு நாள் லீவுக்கு? நான், "சரி, அடுத்த டெஸ்ட்டு நல்லாப் பண்ணு, நானே போட்டுத் தாரேன்"னேன். மாடியில ஸ்டடி ஹால்ல உக்கார வெச்சேன், புஸ்தகத்தோட. வரிசையில போய் பூந்துக்கும்னு கதவைப் பூட்டினேன். சாவி என்கிட்டத் தான். எல்லாரும் பண்றது தான், நான் ஒண்ணும் புதுசாப் பண்ணல.

நிஜமாவே ஆபரேஷன் தான்னு பின்னால தெரிஞ்சுது. எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க?

அது ஜன்னல் வழியா சன்ஷேடுல இறங்கியிருக்குது. ஓடிப் போறதுக்கு இல்லீங்க. அப்படி நினைச்சுக்காதீங்க. கீழ போன் வரிசைக்குப் போறதுக்கு. சன்ஷேடுல இருந்து தண்ணித் தொட்டி மேல கால் வெக்கலாம்னு பாத்திருக்குது, எட்டல. இடுப்பு, வலது கால், ரெண்டும். நான் தான் முதல்ல ஓடினேன். சிமெண்ட்டுத் தரையில கெடக்குது. நான் தலையைத் தூக்கி மடியில வெச்சேன். என்ற சேலையெல்லாம் மண்ணு. கண்ணைத் திறந்து என்னைப் பாத்துச்சு. "இப்ப அம்மாகிட்டப் பேசிக்கட்டுங்களா மிஸ்?"னு கேட்டுச்சு.

அப்பவும் பர்மிஷன் கேட்டுது பாருங்க. அவ்வளவு ஒழுக்கமா நான் வளத்திருந்தேன் அந்தப் புள்ளைகளை.

...இல்லீங்க, தண்ணி இருக்குது, என்கிட்டயே இருக்குது. நெம்ப வெக்கை. மே மாசம் முடியறதுக்குள்ள உசுரு போயிரும்.

அன்னைக்குச் சாயங்காலம் ஆபீஸுக்குக் கூப்பிட்டாங்க. கரஸ்பாண்டன்ட் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னாரு. 'மாணவி ஸ்டடி ஹாலிலிருந்து தானாக இறங்கி வரும்போது படிக்கட்டு ஈரத்தில் வழுக்கி விழுந்தார்.' நான் எழுத மாட்டேன்னு சொன்னேங்க. மனசுக்குள்ள சொன்னேன். தொண்டை வரைக்கும் வந்துருச்சு. அப்பறம் எழுதினேன். எழுதினேனே ஒழிய கையெழுத்துப் போடக் கூடாதுன்னு முடிவா இருந்தேன். அவரு பேனாவைத் திறந்து நீட்டினாரு. அவ்வளவு பெரிய மனுசன் தன் பேனாவைத் தானே திறந்து நீட்டறப்போ என்ன பண்றது? போட்டேன். தேதி சொன்னீங்க, நேரம் சொல்லலியேன்னு நான் தான் ஞாபகப்படுத்தினேன். டீச்சர் புத்தி போகுமா. அவருக்கே சிரிப்பு வந்துருச்சு.

அந்தப் பொண்ணை அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. என்கிட்ட வந்து கும்பிட்டாரு அந்த மனுசன். "நீங்க தான் முதல்ல தூக்கினீங்களாமுங்க மிஸ்"னு. எனக்கு அழுகை வந்துருச்சு.

அப்பறம் உடனே விட்டேனான்னு கேட்டா, உடனே இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு. ஸ்டாஃப் மீட்டிங். அறுபது பேரு உக்காந்திருக்கறோம். கரஸ்பாண்டன்ட் எந்திரிச்சு, "பூங்கொடி மிஸ்ஸுக்கு வேலை அதிகம், அதனால டெபுடி வார்டன் பொறுப்பை சிந்துஜா மிஸ்கிட்டக் குடுக்கறோம்"ங்கறாரு. சிந்துஜா! எனக்குக் கீழ லேப்ல டெஸ்ட் டியூப் கழுவக் கத்துக்கிட்ட பொண்ணு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்கறாங்க. ஸ்டாஃப் ரூமுக்கு வந்தா என்ற நாற்காலியில, ஃபேனுக்கு நேராப் போட்ட என்ற நாற்காலியில, அவ உக்காந்து மொபைலைப் பாத்துட்டு இருக்கறா.

அன்னைக்குத் தான் எனக்கு மனசாட்சி உறுத்துச்சு. ஒரு புள்ளைக்கு அப்படி ஆன எடத்துல இருக்கவே கூடாதுன்னு தோணிச்சு. லீவு லெட்டர் எழுதி வெச்சுட்டு வந்தவ தான். இலக்கியா அப்போ ஏழாவது. அவளையும் கூட்டிட்டு ராசிபுரம் வந்துட்டோம்.

சேகோ ஃபேக்டரி எப்படின்னா... என்னத்தைச் சொல்றது. காலையில ஒம்பது மணிக்குப் போனா அஞ்சு மணிக்கு விட்டுருவாங்க. அஞ்சு மணிக்கு மேல நான் யாருன்னே யாருக்கும் தெரியாது. வெளிய களத்துல ஜவ்வரிசி காயப் போடற பொம்பளைங்க பதினஞ்சு பேரு இருக்கறாங்க, அங்காயின்னு ஒரு அம்மா தான் அவங்களுக்கு மேஸ்திரி மாதிரி. மத்தியானம் வேப்ப மரத்தடியில என்னையும் கூப்பிட்டு உக்கார வெச்சுக்குவாங்க. நான் கொண்டு போற தயிர்ச் சோத்தை அவங்க பிடுங்கிக்கிட்டு, அவங்க களியை என்ற தட்டுல வெப்பாங்க. படிச்ச பொம்பளைன்னு ஒரு மரியாதை கிடையாது. "ஏம்புள்ள பூங்கொடி, இன்னைக்கு என்ன இப்படிச் சிரிக்கற"ன்னு கேப்பாங்க. நான் எதுக்குச் சிரிச்சேன்னு எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்தா இலக்கியா பக்கத்துல உக்காந்து படிப்பா. தூக்கம் நல்லா வருதுங்க அங்க போனதுல இருந்து. கெமிக்கல் ஒத்துக்கிச்சு போல. அது ஒண்ணு தான். மத்தபடி ஒண்ணுமில்ல. வீணாப் போன மூணு வருஷம்.

அப்படி இருக்கறப்போ போன வாரம் போன் வருது. நம்பரைப் பாத்தவுடனே நான் எந்திரிச்சு நின்னுட்டேன். தராசுல மாவு இருக்குது, அது பாட்டுக்குக் கொட்டுது. கரஸ்பாண்டன்ட்டே பேசறாரு. ஆபீஸ்ல இருந்து இல்ல, அவரே. "மிஸ், புதுசா பொண்ணுங்களுக்குத் தனி கேம்பஸ் ஆரம்பிக்கறோம். வைஸ் பிரின்சிபால் போஸ்டுக்கு உங்களை விட்டா எனக்கு வேற பேரு தோணல." அப்படியே சொன்னாரு. வேற பேரு தோணலையாம். மூணு வருஷம் கழிச்சு அவருக்குப் புரிஞ்சிருக்குது பாருங்க. திறமைன்னு ஒண்ணு இருக்குதல்லங்க?

வீட்டுல சொன்னேன். அவரு வழக்கம் போல. இலக்கியா தான் சோத்துத் தட்டை நகத்தி வெச்சுட்டா. பத்தாவது எழுதியிருக்கறா இப்போ. கவர்மெண்ட் கேர்ள்ஸ் ஸ்கூல்ல பிளஸ் ஒன் சேரணும், காமர்ஸ் எடுக்கணும்ங்கறா. த்ரோபால் ஆடறா, அந்த டீம் புள்ளைக எல்லாம் அங்க தான் சேருதுகளாம். ஆனா கரஸ்பாண்டன்ட் ஸ்கூல்ல ரூலு, ஸ்டாஃப் புள்ளைக அங்க தான் படிக்கணும். பிளஸ் ஒன், பிளஸ் டூன்னா அம்மா குவார்ட்டர்ஸ்ல இருந்தாலும் புள்ளை ஹாஸ்டல்ல தான் இருக்கணும். நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அமைதியாக் கேட்டுட்டு இருந்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா. "அம்மா, என்னையும் பூட்டி வெப்பயா?"

மோகனப்பிரியாவை அவளுக்குத் தெரியுமுங்க. குவார்ட்டர்ஸ் வாசல்ல அவளுக்குப் பூ வரைஞ்சு குடுக்கும் அந்தப் பொண்ணு. அன்னைக்கு இவளும் அங்க தான் நின்னுட்டு இருந்திருக்கறா, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல. இத்தனை வருஷம் என்கிட்டச் சொன்னதே இல்ல, அப்பத் தான் சொன்னா.

"நீ நல்லாப் படிச்சா நான் எதுக்குச் சாமி பூட்டப் போறேன்?"னு சொன்னேன். சமாதானம் ஆகலை. எந்திரிச்சுப் போய் படுத்துக்கிட்டா. அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. பேசறதுக்கு வாய் வராது, பாக்கறதுக்கு மட்டும் கண்ணு வரும்.

இன்னைக்குக் காலையில அவரை நேர்ல பாக்கக் கிளம்பறப்போ இலக்கியா தான் கேட்டுக்கு வந்து வழி அனுப்பினா. "சேராதம்மா. சர்ட்டிபிகேட்டை மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்துரு. அது இருந்தா நீ எங்க வேணும்னாலும் டீச்சராப் போலாம்தான?"ன்னா. பெரிய மனுசி மாதிரி. நானும் சரின்னு தான் போனேன்.

போனா அங்க என்ன மரியாதைங்கறீங்க! வாட்ச்மேன் சல்யூட் அடிக்கறாரு. ஆபீஸ்ல பழைய கிளார்க் மணிமாறன் சார், "வாங்க மிஸ்"னு நாற்காலியைத் துடைச்சுப் போடறாரு. ஏ.சி. ரூமு, மோர் குடுத்தாங்க, பெருங்காயம் போட்டு. கரஸ்பாண்டன்ட்டுக்கு வயசாயிருச்சு, பாவம். புது கேம்பஸ் பிளானை மேசை மேல விரிச்சுக் காட்டறாரு. "இது உங்க ரூமு மிஸ். ஜன்னல்ல இருந்து பாத்தா ஹாஸ்டல் பூராத் தெரியும்." நிஜமாவே தெரியுமுங்க. நல்லாப் போட்டிருக்காங்க.

நான் தைரியத்தை வரவழைச்சுக்கிட்டேன். "சார், சேர்றது அப்பறம். முதல்ல என்ற ஒரிஜினல் வேணும்"னு கேட்டேன். அவரு என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு, "ஏன் மிஸ், இன்னும் நீங்க வாங்கிக்கலையா?"ங்கறாரு.

மணிமாறன் சாரைக் கூப்பிட்டாரு. அவரு பீரோவைத் திறந்து, ரெண்டே நிமிஷம், பச்சை ஃபைலைக் கொண்டாந்து என்ற கையில குடுத்துட்டாரு. "கேட்டா அன்னைக்கே குடுத்திருப்பேனே மிஸ். நீங்க கேக்கவே இல்லையே"ங்கறாரு.

கேக்கலையா நான்? ரெண்டு தடவை கேட் வரைக்கும் போனேன் அக்கா. ஒரு தடவை வாட்ச்மேன் "என்ன மிஸ்"னாரு, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். இன்னொரு தடவை உள்ள ப்ரேயர் நடந்துட்டு இருந்துச்சு. தொந்தரவு பண்ண வேண்டாம்னு வந்துட்டேன். போன்ல ஒரு தடவை மணிமாறன் சார்கிட்டப் பேசினேன், ஆனா அது பொங்கல் வாழ்த்து. அவங்களுக்கே தெரிய வேண்டாமா? ஒருத்தி வேலையை விட்டுட்டுப் போயிருக்கறாளே, அவ சர்ட்டிபிகேட் நம்மகிட்ட இருக்குதேன்னு? நானா போய்க் கேக்கணுமா?

ஃபைலைத் திறந்து பாத்தேன். எல்லாம் இருக்குது. பத்தாவது மார்க் ஷீட்டுல நான் ரெட்டை ஜடையோட இருக்கறேன்.

கரஸ்பாண்டன்ட் ஒண்ணும் வற்புறுத்தல. அதைச் சொல்லணும். "எடுத்துட்டுப் போறதுன்னாலும் சந்தோஷமாப் போங்க மிஸ். சேர்றதுன்னா திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க"ன்னாரு. கிளம்பறப்போ, "அப்பறம் அந்த அரூர்ப் பொண்ணோட அப்பா எங்கெங்கயோ மனுக் குடுத்துட்டு இருக்கறாரு. ஜூன்ல ஒரு என்கொயரி வருது. நீங்க அன்னைக்கு எழுதிக் குடுத்திருக்கீங்கல்ல, அதையே வந்து சொன்னாப் போதும். நம்ம ஸ்டாஃபா இருந்து சொன்னா மதிப்பா இருக்கும்"னாரு. அது ஒரு சின்ன விஷயமுங்க. போற போக்குல சொன்னது.

இல்லக்கா, அதுக்காகக் கூப்பிட்டிருக்க மாட்டாரு. நீங்க வேற. வைஸ் பிரின்சிபால் போஸ்ட்டுங்கறது அதுக்கெல்லாம் குடுக்கறதா? பதினேழு சென்டம் யாரு எடுத்துக் குடுத்தது?

அந்தப் பொண்ணு இப்போ தையல் கத்துக்குதாம். ஒரு காலு கொஞ்சம் சாச்சுத் தான் நடக்குமாம். மணிமாறன் சார் தான் சொன்னாரு. நல்லா வரும் அது. கை அவ்வளவு சுத்தம். கெமிஸ்ட்ரி தான் வராது.

ஃபைலை வாங்கிட்டு வெளிய வந்தேன். நம்புங்க, கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துட்டேன். பஸ் ஸ்டாப்புல நின்னேன். ஒரு பஸ் வந்து நின்னுச்சு, கண்டக்டர் "ஏறும்மா"ங்கறாரு. எனக்குக் காலு எந்திரிக்கல. சந்தோஷமா இருக்கணுமல்லங்க? மூணு வருஷமா எதை நினைச்சு அழுதேனோ அது கையில இருக்குது. இனி சேலத்துல அந்த ஸ்கூலுக்குப் போலாம். எங்க வேணும்னாலும் போலாம். ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அப்படியே நிக்கறேன். இனி நான் போகலைன்னா, அது நான் போகாதது தான? போனேன்னா, அது நானாப் போனது தான? இதுவரைக்கும் யாராவது கேட்டா, "ஒரிஜினல் மாட்டிக்கிச்சுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன். எல்லாரும் அய்யோ பாவம்னுட்டு விட்டுருவாங்க. இனி என்னத்தைச் சொல்றது?

மழைக்கு மானம் வேற கறுத்துக்கிட்டு வந்துச்சு. ஃபைலு அட்டை ஃபைலு, நனைஞ்சா அவ்வளவு தான், டூப்ளிகேட் வாங்கறதுக்குள்ள ஆயுசு முடிஞ்சிரும். பஸ்ஸுல கூட்டம் வேற. பிக்பாக்கெட் அடிக்கறவன் ஃபைலை எடுக்க மாட்டான், இருந்தாலும் ஒரு பயம். நான் திரும்பி நடந்து உள்ள போனேன். மணிமாறன் சார்கிட்ட, "சார், இது திங்கட்கிழமை வரைக்கும் உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும்"னு குடுத்துட்டேன். அவரு ஒரு ரிஜிஸ்டரை நீட்டினாரு. 'ஒரிஜினல் சான்றிதழ்கள் ஒப்படைக்கப்பட்டன'ன்னு போட்டு அச்சடிச்சிருந்துச்சு, நான் கையெழுத்து மட்டும் போட்டேன். அதுக்குப் பக்கத்துல பதவின்னு ஒரு கட்டம் இருந்துச்சு. காலியா விட்டா அசிங்கமா இருக்குமேன்னு அதுல வைஸ் பிரின்சிபால்னு எழுதிட்டேன்.

மழையும் வரலீங்க.

அதனால முடிவுன்னு இன்னும் எடுக்கல. திங்கட்கிழமை வரைக்கும் டைம் இருக்குது. நீங்க என்னக்கா சொல்றீங்க? ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க. நானே பேசிட்டு...

ஒரு நிமிஷம் இருங்க. இலக்கியா கூப்பிடறா.

சொல்லு சாமி. ஆங், பஸ்ல தான் வர்றேன். சாப்பிட்டயா? ...பாத்தேன், பாத்தேன். நல்லாத் தான் பேசினாரு. ...கேட்டேன் சாமி. கேக்காம வருவனா? ...குடுக்கல.

இல்ல இலக்கியா, குடுக்க மாட்டேங்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்? கெஞ்சிக் கூடப் பாத்தேன். ...சேர்ந்தாத் தான் உண்டுங்கறாங்க. ...ரெண்டே வருஷம் சாமி. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும். ...நான் அங்கயே தான இருக்கப் போறேன், ஜன்னல்ல இருந்து பாத்தா நீ இருக்கற எடம் தெரியும். ...அழுகாத. இலக்கியா, அழுகாத. அம்மா வேணும்னா பண்றேன்? அம்மாவை மாட்டி வெச்சிருக்காங்கல்ல, என்ன பண்ணச் சொல்ற? ...சரி வெய்யி, வந்து பேசிக்கலாம். அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத.

சின்னப் புள்ளைங்க. இப்பப் போய் எல்லாத்தையும் விளக்கிட்டு இருந்தா அதுக்குப் புரியுமா? மெதுவாத் தான் பழக்கணும்.

என்னக்கா, எந்திரிச்சுட்டீங்க? ராசிபுரம் இன்னும் வரலீங்க, இது ஆண்டகளூர் கேட்டு தான். ...முன்னாடி சீட்டுக்குங்களா? சரிங்க. சரி, போங்க. அங்க காலியாத் தான் இருக்குது.